டிரம்முக்குள் ஒரு நல்ல பாம்பு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் ஓர் இளைஞர் நல்ல பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படத்தை ‘துணிச்சல்காரர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தீர்கள். அந்தப் பேப்பரைப் பார்த்த அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பையன் என்னைக் கூப்பிட வந்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 31 வருஷம் டிரசராக, அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் காய்ச்சலுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கோழி முட்டையிடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

“தாத்தா, பாம்பு சாப்பிடவே மாட்டேங்குது, ஊசி கீசி போடலாமா?”

போய்ப் பார்த்தால் தகரக் கொட்டகையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், மேலே மூடி, மூடியில் ஆணியால் குத்திய நாலு ஓட்டை. செம்பனை மட்டை அடுக்கில் பிடித்ததாம், ஒன்பது நாளாகிறதாம். உள்ளே புளித்துப்போன பால் ஒரு கிண்ணம், இரண்டு முட்டை, உயிரோடு ஓர் எலி. முதல் நாள் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவன் மூஞ்சியில் பாம்பு விஷத்தைப் பீய்ச்சியிருக்கிறது. நல்லவேளை அவன் கண்ணாடி போடுகிறவன். நம் பக்கத்துக் கறுப்பு நல்ல பாம்பு கடிக்கத்தான் வேண்டும் என்றில்லை, தூர நின்றே கண்ணைக் குறி வைக்கும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, அது ஏன் சாப்பிடவில்லை? புதிதாகப் பிடிபட்ட பாம்பு பயத்தில் இருக்கும், நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில்கூட எதையும் தொடாது. அதற்காகச் செத்துவிடாது. வளர்ந்த பாம்புக்கு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரை கிடைத்தாலே போதும். அதற்கு முதலில் வேண்டியது ஒளிந்துகொள்ள இருட்டு, சத்தமில்லாத இடம், காற்று, நிழல், குடிக்கத் தண்ணீர். பாம்புக்கு நம்மைப் போல உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது, மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய டிரம் என்றால் அது வேகிற மாதிரிதான். உயிருள்ள எலியை உள்ளே விட்டதும் தப்பு, பசியெடுத்த எலி அசையாமல் கிடக்கும் பாம்பையே கடித்துக் குதறிவிடும். பாம்பு வளர்க்கத் தெரிந்தவர்கள் செத்த எலியை நீளமான இடுக்கியில் பிடித்துத்தான் கொடுப்பார்கள், அது விழுங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் தொடவே மாட்டார்கள், தொட்டால் கக்கிவிடும்.

அப்புறம் இந்தப் பால். ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில் புற்றில் பால் ஊற்றுவதை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டுக்காரியும் ஊற்றுகிறாள். ஆனால் பாம்புக்குப் பால் செரிக்காது. தாகத்தில் தவிக்கிற பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும். மகுடிக்காரர்கள் பாம்பைத் தண்ணீர் காட்டாமல் போட்டு வைத்துவிட்டுப் பிறகு பால் வைப்பது அந்தத் தந்திரம்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையனும் அவன் கூட்டாளிகளும், “அப்ப நல்ல கூண்டாச் செஞ்சு வெச்சுக்கலாமா தாத்தா?” என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 2018 மார்ச்சில் பகாங்கில் நாகம் தீண்டி இறந்த தீயணைப்பு வீரர் அபு ஸரின் ஹுசின் ஒன்றும் தெரியாதவரா? வீட்டில் நாகங்களை வைத்துப் பழகியவர், மற்ற வீரர்களுக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 2010-ஆம் ஆண்டு மலேசிய வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன், அது அவ்வளவாக ஏறவில்லை. பையனின் அம்மாக்காரியிடம் சொன்னேன், ஏறியது.

டிரம்மை நிழலுக்கு மெதுவாக நகர்த்தி, மூடி மேல் இரண்டு செங்கல் வைத்து, ஓட்டை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்குப் போட்டு மூடினோம். அவசர உதவி எண் 999-க்கு அடித்தோம். பொதுத் தற்காப்புப் படையினர் இருவர் வந்து நீளக் கொக்கியால் இருபது நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எலி மட்டும் தப்பித்து ஓடியது. எலிக்காகத்தான் அந்தப் பாம்பே வந்திருக்கும், வீட்டுக்குப் பின்னால் சோற்றுக் குப்பை அப்படிக் கிடக்கிறது.

என் காலத்தில் கடிபட்டு வந்தவர்களில் பாதிப்பேர் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறிக்கொண்டுதான் வருவார்கள். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம், வெட்டுப்பட்ட தலைகூடக் கடிக்கும். தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் டாக்டருக்கு அது போதும்.

அந்தப் பையன்கள் உங்கள் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஐயா. இந்தக் கடிதத்தையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டால் நல்லது. இடமில்லை என்றால் 999-ஐ மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிரசர்,
சுங்கை சிப்புட், பேராக்