ட்ரினிட்டி சர்க்கிளில் ஆட்டோவை ஓரங்கட்டிய அண்ணாவுக்கு

2025 ஆகஸ்ட் 16 நள்ளிரவு தாண்டி பெங்களூர் அல்சூரிலிருந்து ஆஸ்டின் டவுனுக்கு எங்கள் மூவரை ஏற்றிப்போன ஆட்டோக்கார அண்ணா, இது உங்களுக்கு.

லிவர்பூல், போர்ன்மத் கால்பந்து ஆட்டம் இரவு 12.30க்கு. அறையில் கரண்ட் போனதால் நண்பன் வீட்டுக்குக் கிளம்பினோம். போனில் ஆட்டம், வாயில் சண்டை: லிவர்பூல் டியாஸை விற்றது சரியா, புதிதாக வாங்கிய விர்ட்ஸ் எங்கே ஆடுவார். உங்கள் காது வலித்திருக்கும்.

20ஆம் நிமிடம் லிவர்பூலின் மைதானம் ஆன்ஃபீல்டே எழுந்து கைதட்டியது. லிவர்பூல் வீரர் ஜோட்டாவின் சட்டை எண் அது. ஜூலை 3 அன்று ஸ்பெயினில் கார் விபத்தில் அவரும் தம்பி ஆந்த்ரே சில்வாவும் போய்விட்டார்கள். ஜோட்டாவுக்கு வயது 28, கல்யாணமாகிப் பதினோரு நாள். எங்கள் பேச்சு அப்படியே நின்றது.

கண்ணாடியில் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தீர்கள், அந்தக் கைதட்டல் எங்களுக்குக் கேட்கட்டும் என்று. ஓய்ந்த பிறகும் கிளப்பவில்லை. சீட்டுக்கடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்தே நீட்டினீர்கள்.

“யாருப்பா, சொந்தமா?”

“ஆமாண்ணா” என்றுதான் வாயில் வந்தது.

இறங்கும்போது மீட்டருக்கு மேல் கொடுத்த ஐம்பதைத் திருப்பித் தந்து, “மெழுகுவத்தி வாங்கி ஏத்துங்க” என்றீர்கள். மறுநாளே சிவாஜிநகர் மாதா கோயிலில் ஏற்றிவிட்டோம் அண்ணா. இரண்டு.