அந்த 300 மணி நேரத்தை ரெக்கார்டு நோட்டில் முடித்துவிடாதீர்கள்

சேலம் மாவட்டச் செவிலியர் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும், எம்.எஸ்சி. மாணவிகளை வார்டில் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளின் செவிலியக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

எம்.எஸ்சி. நர்சிங் முடித்து வெளியே வருகிறவர் பெரும்பாலும் இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்காருகிறார். ஒன்று கல்லூரியில் டியூட்டர் நாற்காலி, மற்றது வார்டில் இன்சார்ஜ் நாற்காலி. இரண்டுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டம் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறது. முதலாண்டில் நர்சிங் எஜுகேஷனுக்கு 150 மணி நேர வகுப்பும் 150 மணி நேரச் செய்முறையும். இரண்டாமாண்டில் நர்சிங் மேனேஜ்மென்ட்டுக்கும் அதே 150, 150. சிறப்புப் பாடத்தின் செய்முறைக்கு முதலாண்டில் 650 மணி நேரமும் அடுத்த ஆண்டில் 950 மணி நேரமும் இருக்கும்போது, இந்த இரண்டின் செய்முறையும் சேர்ந்த 300 மணி நேரம் சின்னதுதான். சின்னது என்பதாலேயே நெருக்கடி வரும்போது முதலில் கை வைக்கப்படுவதும் இதில்தான். சீனியரின் ரெக்கார்டு நோட்டை, அதாவது செய்முறைப் பதிவேட்டை, பார்த்து எழுதி, கலர் பேனாவில் கோடு போட்டு, கையெழுத்து வாங்கினால் கணக்கு முடிந்தது. இந்த மடல் அந்த 300 மணி நேரத்தைப் பற்றியது.

முதலில் டியூட்டி லிஸ்ட், அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல். பாடத்திட்டம் அதை மேனேஜ்மென்ட் செய்முறையில் வைத்திருக்கிறது. மாணவி எழுதுவது என்னவோ 30 படுக்கை கொண்ட ஒரு கற்பனை வார்டுக்கு. கவுன்சிலின் அளவுகோல்படி கற்பிக்கும் மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், அதன்மேல் விடுப்புக்காக 30 சதவீதம். ஆக 10 பேர், கூட 3 பேர், மொத்தம் 13. விடை சரி, மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அந்த 13 பேரை ஒரு வாரத்தில் உட்கார வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

காலையில் 4, மதியம் 3, இரவு 3 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 10 ஷிஃப்ட், வாரத்துக்கு 70. வார விடுப்பு போக ஆளுக்கு 6 நாள் என்றால் 13 பேரிடம் கிடைப்பது 78. இரவு பார்த்த மூவருக்கு ஆளுக்கு 2 நைட் ஆஃப் (இரவுப் பணிக்குப் பிந்தைய ஓய்வு நாள்) கொடுத்தால் 6 போய்விடும். மீதி 72. தேவை 70. விடுப்புக்கென்று சேர்த்த மூன்று பேரின் 18 ஷிஃப்டில் 10 மற்ற பத்துப் பேரின் வார விடுப்புக்கே போய்விட்டது, 6 நைட் ஆஃபுக்குப் போனது, உண்மையான லீவுக்கு மிஞ்சியது வெறும் 2. ஒருவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தால் லிஸ்ட் உடைந்துவிடும். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் 66 தான், ஆறு மாதத்துக்கும் மேலாக ஒவ்வொரு வாரமும் 4 ஷிஃப்ட் துண்டு விழும். “30 சதவீதம் இருக்கிறதே, பிறகு ஏன் ஆள் போதவில்லை” என்று நிர்வாகம் கேட்கும்போது, இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தவர்தான் கண்காணிப்பாளர் ஆக வேண்டும். இதை எம்.எஸ்சி. படிக்கும்போதே கற்றுக்கொள்ளலாம்.

கணக்கு சரியாக வந்தபின்னும் லிஸ்ட் தப்பாகலாம். காலை 7 மணிக்கு இரவுப் பணி முடித்தவருக்கு அன்றைய தேதியையே ‘நைட் ஆஃப்’ என்று எழுதுவது அடிக்கடி நடப்பது. அவருக்கு அது தூங்கி எழும் நாள், விடுப்பே அல்ல. மதிய ஷிஃப்ட் முடித்தவரை மறுநாள் காலையில் போடுவது இன்னொன்று. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத மூவரையும் ஒரே இரவில் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. எண்ணிக்கை சரி, எமர்ஜென்சி ட்ராலியைத் திறக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் எத்தனை பேர் லீவு கேட்பார்கள், மதிய ஷிஃப்ட் முடிந்து ஏற்காட்டுக்கோ ஆத்தூருக்கோ போகிறவருக்குப் பஸ் இருக்குமா என்பதெல்லாம் கற்பனை வார்டில் வராது.

கண்காணிப்பாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. நடந்து முடிந்த ஒரு மாதத்தின் டியூட்டி லிஸ்ட்டைப் பெயர்களை மறைத்து, எண் கொடுத்து, முதலில் போட்டபடி ஒன்றும் கடைசியில் மாறியபடி ஒன்றுமாகக் கொடுங்கள். எத்தனை இடத்தில் அடித்துத் திருத்தப்பட்டது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் என்ன என்று மாணவி எண்ணட்டும். பிறகு அடுத்த மாதத்துக்கு அவர் ஒரு லிஸ்ட் போட்டு உங்களிடம் கொடுக்கட்டும். நடைமுறையில் உங்கள் லிஸ்ட்டே ஓடும். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு அரை மணி நேரம் போதும். இண்டென்ட் (வார்டுக்கு வேண்டிய பொருள்களைக் கேட்டு எழுதும் சீட்டு), வார்டு பட்ஜெட், ஆடிட் எல்லாவற்றையும் இதே முறையில் செய்யலாம், விரிக்கத் தேவையில்லை.

இனி கல்லூரிகளுக்கு. பாடத்திட்டம் 2 மைக்ரோ டீச்சிங்கும் (சில நிமிடச் சிறு வகுப்பாக நடத்திப் பழகும் கற்பித்தல் பயிற்சி) 10 பயிற்சி வகுப்புகளும் கேட்கிறது. மைக்ரோ டீச்சிங்கின் சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் நடத்த, 6 நிமிடம் கருத்துச் சொல்ல, 12 நிமிடம் திருத்தி எழுத, 6 நிமிடம் மறுபடி நடத்த, 6 நிமிடம் மறுபடி கருத்து. நடப்பதைப் பார்த்தால் முதல் 6 நிமிடத்தோடு சரி. “நல்லா இருந்தது, ஐ கான்டாக்ட் மட்டும் கொஞ்சம்” என்று ஒரு வரி, கைதட்டல், அடுத்தவர். திருத்தி மறுபடி நடத்தும் பாதிதான் அந்த முறையின் உயிர். அதை வெட்டிவிட்டால் அது குட்டி செமினார் ஆகிவிடுகிறது. ஒரு சுற்றில் ஒரு திறனை மட்டும் பாருங்கள். கேள்வி கேட்கும் திறன் என்றால் எத்தனை கேள்வி, அதில் ‘ஆமாம், இல்லை’ என்று முடிகிறவை எத்தனை, கேட்டபின் 3 விநாடியாவது காத்தாரா, தானே பதில் சொல்லிவிட்டாரா என்று எண்ணி எழுதிக் கொடுத்தால் திருத்த ஏதாவது இருக்கும்.

லெசன் பிளானில் நோக்கங்கள் எழுதும் இடத்தில் எல்லாரும் வழுக்குகிறார்கள். “மாணவர்கள் ஐ.வி. இன்ஃப்யூஷனைப் பற்றிப் புரிந்துகொள்வர்” என்று எழுதினால், புரிந்ததா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? “500 மி.லி. திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்ற, மி.லி.க்கு 20 துளி விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 துளி என்று கணக்கிட்டு, 2 துளிக்கு மேல் பிசகாமல் ரெகுலேட்டரை நிறுத்துவார்” என்று எழுதினால் வகுப்பு எப்படி நடக்க வேண்டும், என்ன பொருள் வேண்டும், தேர்வில் என்ன கேட்க வேண்டும் எல்லாம் அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது. அதே மாணவரிடம் மி.லி.க்கு 60 துளி விழும் மைக்ரோ செட்டைக் கொடுத்து 125 என்று சொல்கிறாரா என்று பார்த்தால், சூத்திரம் மனப்பாடமா கணக்கு தெரியுமா என்பதும் வெளிப்பட்டுவிடும்.

கேள்வித்தாள் அலசலுக்கு வேறெங்கும் போக வேண்டாம், உங்கள் பி.எஸ்சி. இன்டர்னல் விடைத்தாள்கள் அலமாரியில் இருக்கின்றன. 60 பேர் எழுதிய கொள்குறித் தேர்வு என்றால் மதிப்பெண் வரிசையில் மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம், அதாவது 16, 16 பேர். ஒரு கேள்விக்கு மேல்குழுவில் 14 பேரும் கீழ்க்குழுவில் 6 பேரும் சரியாக எழுதியிருந்தால், எளிமை அளவு 32-க்கு 20, அதாவது 62.5 சதவீதம், பிரித்தறியும் அளவு 8-ஐ 16-ஆல் வகுக்க 0.5. நல்ல கேள்வி, வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் மேலே 7, கீழே 10 என்று வந்தால், நன்றாகப் படித்தவர்கள்தான் அதிகம் தப்பு செய்திருக்கிறார்கள்! அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆன்சர் கீயை, அடுத்து கேள்வியின் வாசகத்தை. இந்த வேலையை ஒரு எம்.எஸ்சி. மாணவியிடம் கொடுத்தால் அவருக்குப் பயிற்சி, உங்களுக்குக் கேள்வி வங்கி.

ஆஸ்கி (OSCE) தேர்வும், அதாவது மாணவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஒவ்வொரு செயலாகச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வும், அப்படித்தான். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் எழுதி வெளியிட்ட முறை இது. 2021-22 முதல் செமஸ்டர் முறைக்கு மாறிய பி.எஸ்சி. பாடத்திட்டம் இதைக் கேட்கிறது. நாளைய டியூட்டர் இதை நடத்தியே ஆக வேண்டும். 50 மாணவர், 10 ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு 5 நிமிடம், இடம் மாற 1 நிமிடம் என்றால் 10 பேர் கொண்ட ஒரு சுற்றுக்கு 1 மணி நேரம், மொத்தம் 5 மணி நேரம். இதில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். சிறுநீர் கதீட்டர் போடுவதை 5 நிமிட ஸ்டேஷனில் வைத்தால் யாரும் முடிக்க மாட்டார்கள். முதல் சுற்று முடித்தவர்களும் கடைசிச் சுற்றுக்குக் காத்திருப்பவர்களும் ஒரே வராந்தாவில் நின்றால் மதியத்துக்குள் கேள்வி எல்லாருக்கும் தெரிந்துவிடும். முப்பது பேர் ஊசி குத்தியபின் பயிற்சிக்கு வைத்த ரப்பர் கை கசியும், மாற்றுக் கை வேண்டும். செக்லிஸ்ட்டில் 20 வரிக்கும் ஒவ்வொரு மதிப்பெண் போட்டால், ஸ்டெரைல் கையுறையோடு படுக்கை விரிப்பைத் தொட்டவரும் 18 வாங்கித் தேறிவிடுவார். தவறினால் அந்த ஸ்டேஷனே தோல்வி என்ற வரிகள் எவை என்று முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும்.

ஒன்றைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறோம். ஆசிரியர் குறைவாக இருக்கும் நாளில் எம்.எஸ்சி. மாணவியை அனுப்பி பி.எஸ்சி. பிள்ளைகளை வார்டில் பார்த்துக்கொள்ளச் சொல்வதைக் கற்பித்தல் பயிற்சி என்று நோட்டில் ஏற்றாதீர்கள். உடன் ஒரு ஆசிரியர் நின்று பார்த்து, எழுதிக் கொடுக்காத மணி நேரம் பயிற்சி நேரம் ஆகாது, அது கூலியில்லாத வேலை. வேண்டுமானால் ரொட்டேஷன் பிளானை, அதாவது பி.எஸ்சி. மாணவர்கள் எந்த வாரம் எந்த வார்டுக்குப் போவது என்ற அட்டவணையை, அவர்களிடம் கொடுங்கள். பி.எஸ்சி.யின் புதிய செமஸ்டர் முறையில் ஒரு கிளினிக்கல் கிரெடிட் என்பது வாரம் 4 மணி நேரமாக 20 வாரம், 80 மணி நேரம். ஒரே பிரசவ வார்டுக்கு மூன்று கல்லூரிகள் ஒரே வாரத்தில் கேட்டால் என்ன செய்வது என்பதை, மூன்று கல்லூரி மாணவிகளும் சேர்ந்து உட்கார்ந்து போட்டால் எல்லாருக்கும் நல்லது.

எம்.எஸ்சி. மாணவி எழுதும் ஆய்வு நூல் இந்த 300 மணி நேரத்தில் சேராது. இருந்தாலும் கேள்வித்தாள் போன்ற கருவி தயாரிப்பது எஜுகேஷன் செய்முறையிலும் வருவதால் ஒரு வார்த்தை. 60 பேர், ஒரே குழு, முன் தேர்வு, கற்பித்தல், ஏழாம் நாள் அதே கேள்வித்தாள் என்ற வார்ப்பை எத்தனை வருடம்தான் வார்ப்பது? ஒப்பிட இன்னொரு குழு இல்லாதபோது, உயர்ந்த மதிப்பெண் கற்பித்ததால் வந்ததா, கேள்வியை ஒருமுறை பார்த்துவிட்டதால் வந்ததா என்று சொல்ல வழியில்லை. கேள்வித்தாளின் தமிழ் அதைவிடக் கவலை. “தங்களுக்கு இரத்தசோகை உள்ளதா” என்று அச்சடித்து ஏற்காட்டு மலைக் கிராமத்துக்கு எடுத்துப் போனால், “ரத்தம் கம்மி”யா என்று திருப்பிக் கேட்பார்கள். டவுனிலும் நீரிழிவு என்று யார் சொல்கிறார்கள், சுகர்தான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், அந்தத் தமிழை மட்டும் பார்த்து மறுபடி ஆங்கிலத்துக்கு இன்னொருவர், பிறகு அந்த ஊர்க்காரர் பத்துப் பேரிடம் “இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்பது, இத்தனையும் முடிந்துதான் முன்னோட்ட ஆய்வான பைலட் ஸ்டடி. தலையீடு உள்ள ஆய்வு என்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோடு சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம்) பதிவும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பிந்திய பதிவை அவர்கள் ஏற்பதில்லை. மலை இறங்கி வந்தபின் ஞாபகம் வந்து பயனில்லை.

நர்சிங் எஜுகேஷன் செய்முறையில் இன்டர்னல் 50 மதிப்பெண் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல் வரும் பேட்ச்சிலிருந்தே அதைப் பிரிக்கலாம்: மறுபடி நடத்திய மைக்ரோ டீச்சிங்குக்கு 15, உண்மையான விடைத்தாளில் செய்த கேள்வி அலசலுக்கு 15, நடத்திக் காட்டிய ஒரு ஆஸ்கி ஸ்டேஷனுக்கு 15, ரெக்கார்டு நோட்டுக்கு மீதி 5.

இப்படிக்கு,
சேலத்தில் செவிலியர் கல்வியிலும் வார்டு நிர்வாகத்திலும் பணிபுரியும் சிலர்