ஸ்டேஷன் ஹோட்டல்காரர்

ப்ளோயெஷ்ட், ருமேனியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை குப்பி அலமாரியிலேயே தூங்குகிறதா?

சமையலறை வேலை பழகிவிட்டது. விடிந்ததும் சோர்பாவுக்குக் காய் நறுக்க வேண்டும். அது புளிப்புச் சாறு. புளி கிடையாது, கோதுமைத் தவிட்டை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு அந்தத் தெளிவை ஊற்றுகிறார்கள். கொதி வந்ததும் எழும் வாசனையில் ஒரு நொடி நம் வீட்டு அடுப்படி வந்துபோகும். மமலிகா என்று மக்காச்சோளக் களியும் உண்டு. அம்மா பார்த்தால், "இந்தக் களிக்கா கடன் வாங்கிப் போனாய்?" என்பார்.

பொன்மலைப் பட்டறையில் கொடி பிடித்த உங்களுக்கு ஒரு செய்தி. இந்த ஊர் ரயில் நிலைய உணவகத்தை 1882இல் குத்தகைக்கு எடுத்துப் பல ஆண்டுகள் நடத்தியவர் ஒரு சோஷலிஸ்ட்! கான்ஸ்டன்டின் டோப்ரோஜானு-கெரேயா. எங்கள் மூத்த சமையல்காரர் சொல்லித்தான் தெரியும். மீதியை நானே தேடிப் படித்தேன். முதலாளியாக இருந்துகொண்டு என்ன சோஷலிசம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "தோழர்கள் பசியோடு வந்து இறங்கினால் சோறு போட ஆள் வேண்டாமா?" என்றார் கிழவர்.

கெரேயாவும் பிழைக்க வந்தவர்தான். 1855இல் இன்றைய உக்ரைனில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜார் போலீசுக்குத் தப்பி 1875இல் ருமேனியா வந்தார். மூன்றே ஆண்டில் ஜாரின் ஆட்கள் கலாட்ஸ் துறைமுகத்தில் அவரைப் பிடித்து ரஷ்யாவுக்குக் கடத்திவிட்டார்கள். வெண்கடல் பக்கம் மெஸன் என்ற குளிர் ஊரில் தள்ளினார்கள். படகேறி நார்வேக்குத் தப்பி, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு மறுபடி இங்கேயே வந்துவிட்டார். நாடக ஆசிரியர் கராஜியாலே அவருக்கு நெருங்கிய நண்பர். நண்பரைப் பார்த்து ஆசைப்பட்டாரோ என்னவோ, அவரும் புஸோவ் நிலையத்தில் உணவகம் எடுத்தார், சீக்கிரமே கைவிட்டார்.

கலை கலைக்காக என்ற இலக்கிய விமர்சகர் டிட்டு மாயொரெஸ்குவோடு கெரேயா போட்ட சண்டை உங்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது 1910இல் அவர் எழுதிய 'புதுப் பண்ணையடிமை' என்ற நூல். 1907 விவசாயிகள் கலகத்துக்குப் பிறகு வந்தது. சட்டப்படி குடியானவன் சுதந்திரமானவன். ஆனால் நிலம் போதாமல் ஒப்பந்தத்தாலும் கடனாலும் பண்ணையாரிடமே கட்டுண்டு கிடக்கிறான் என்கிறார். அதைப் படித்த இரவு என் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். ஏஜெண்டு சொன்ன சம்பளம் ஒன்று, அதில் இருப்பது வேறு; தங்குமிடத்துக்குப் பிடித்தம் தனி. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது ருமேனியா அதில் இறங்கக் கூடாது என்று கெரேயா எழுதினார். 1916இல் இறங்கியது. அவர் சுவிட்சர்லாந்து போய்விட்டார். திரும்பி வந்து 1920இல் புக்காரெஸ்டில் காலமானார்.

இந்த மாதம் பதினைந்தாயிரம்தான் அனுப்ப முடிந்தது. வட்டிக்காரரிடம் அதை முதலில் கொடுங்கள். பார்சல் அனுப்பினால் கொட்டை எடுத்த புளி கொஞ்சம் வையுங்கள். கிழவருக்கு ஒருநாள் ரசம் வைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்