அத்தைக்குக் கரண்ட் வைக்கிறார்கள்

அன்பு மகளுக்கு,

அத்தைக்கு நேற்றோடு ஒன்பது நாள் கரண்ட் வைத்தாயிற்று, இன்னும் ஆறு இருக்கிறது. சாப்பாடு பரவாயில்லை, சோர்வுதான். முதல் நாள் ஆட்டோவில் போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏல, கரண்ட் வைக்காவளாமே, தூக்கி அடிச்சிராதா?" என்று கேட்டாள். நம் பக்கம் ரேடியேஷன் என்று யார் சொல்கிறார்கள், எல்லாருக்கும் அது கரண்ட்தான். விவரம் தெரியாத பேச்சு என்று நானும் நினைத்திருந்தேன். அந்த ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஊர்க்காரர்கள் சொல்வது பாதி சரி என்று பட்டது. அதோடு நீ இந்தூரிலிருந்து போனில் ஆக்ஸிலரேட்டர் பற்றி, அதாவது எலக்ட்ரான் மாதிரித் துகள்களை வேகமாக ஓட்டுகிற மெஷின் பற்றி, மணிக்கணக்காகச் சொல்லி, நான் "ம்" மட்டும் போட்டுக்கொண்டிருந்த விஷயமும் ஒருவழியாகப் பிடிபட்டது.

வண்ணார்பேட்டை டி.வி. ரிப்பேர்க் கடையில் நான் கட்டி அழுத பிக்சர் டியூப் மாதிரிதான் அத்தையின் மெஷினும். டியூபின் கழுத்தில் ஹீட்டர் சூடானதும் கேத்தோடு என்கிற நெகட்டிவ் முனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும், எதிர்ப்பக்கம் எல்.ஓ.டி. என்கிற டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கலர் டி.வி.க்கு 25,000 வோல்ட் பாசிட்டிவ் நிற்கும். நெகட்டிவான எலக்ட்ரானை அந்த மின்புலம் இழுக்கிற இழுப்பில் அது ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்குப் போய்விடுகிறது, அதாவது நொடிக்கு 90,000 கிலோமீட்டர். ரூபவாகினி தெரிய ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிச் செத்த காலத்தில், வீட்டு நடுவில் ஓர் ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்! டியூபுக்குள் காற்று இருந்தால் எலக்ட்ரான் வழியெல்லாம் மோதிக்கொண்டு நிற்கும், அதனால்தான் வெற்றிடம். கழுத்தில் விரிசல் விட்ட டியூபில், உள்ளே வெள்ளி பூசினாற்போல் இருந்த இடம் பால்போல வெளுத்துவிடும், அதைப் பார்த்ததும் செட்டுக்காரரிடம் "டியூப் போச்சு" என்று சொல்லிவிடுவேன்.

வேகமாக வந்த எலக்ட்ரானைக் கெட்டியான எதிலாவது சட்டென்று நிறுத்தினால் எக்ஸ்ரே வரும். டி.வி.யிலும் கொஞ்சம் வந்தது, டியூப் கண்ணாடியில் ஈயமும் பேரியமும் கலந்தது அதைத் தடுக்கத்தான். அத்தையின் மெஷினிலும் எலக்ட்ரான் போய் டங்ஸ்டனில் மோதுகிறது, அதில் வருகிற எக்ஸ்ரேதான் கட்டி இருந்த இடத்துக்குப் போகிறது. ஆக, கரண்ட் மெஷினோடு சரி, அத்தைமேல் படுவது எக்ஸ்ரே.

எனக்கு உதைத்த இடம் வேறு. அங்கே 60 லட்சம் வோல்ட் கணக்கு என்றார்கள். 25,000 வோல்ட்டை அடக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஐப்பசி அடைமழையில் அந்த வயர் சொர்ர் என்று லீக் ஆகி, கடையெல்லாம் ஒரு மாதிரி நாறும். காற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் வந்தாலே பொறி பாய்ந்துவிடும். அப்புறம்தான் நீ சொன்ன நார்வே விஞ்ஞானி விடெரோ ஞாபகம் வந்தார். 1928-இல் அவர் கையிலும் அதே 25,000 வோல்ட்தான், ஆனால் அதையே இரண்டு தடவை கொடுத்து அயனியை, அதாவது சார்ஜ் ஏறிய அணுவை, 50,000-க்கு ஏற்றிவிட்டார். நடுவில் ஓர் உலோகக் குழாய். அயனி குழாய்க்குள் இருக்கும்வரை அதற்கு எந்த இழுப்பும் தெரியாது, அந்த நேரத்தில் வோல்ட்டேஜின் திசை மாறிவிடும், வெளியே வந்ததும் முன்பக்கமாகவே இன்னொரு தள்ளு. அத்தையின் மெஷினில் குழாய்க்குப் பதில் வரிசையாகச் செம்புக் குழிகள், நொடிக்குச் சுமார் 300 கோடி தடவை அலைகிற மைக்ரோவேவ். நேரம் தவறினால் அதே புலம் பின்னால் இழுத்துவிடும். இதை அத்தையிடம் சொன்னபோது, "நம்ம ஆனித் தேருக்குப் பின்னால தடி போடுத மாதிரின்னு சொல்லு" என்றாள். நான் இவ்வளவு நேரம் சுற்றியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

இன்னொன்று, ஆற்றல் 240 மடங்கு ஏறியும் வேகம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான், ஒளியில் 99.7 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சத் தள்ளெல்லாம் வேகமாக மாறாமல் எலக்ட்ரானைக் கனக்க வைக்கிறது என்று நீ சொன்னாய். அதை இன்னும் என்னால் முழுங்க முடியவில்லை. காந்தம் திருப்புமே தவிர வேகம் கூட்டாது என்பது டியூப் கழுத்தில் மாட்டுகிற யோக் என்ற காந்தக் காயிலைப் பார்த்தே தெரியும், எலக்ட்ரான் சுற்றுகிற உங்கள் இந்தூர் இண்டஸ்-2 வளையத்திலும் அப்படித்தானே?

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். அத்தையின் பயம் போகட்டும் என்று டியூப் கதையெல்லாம் சொன்னவன், வாய் சும்மா இருக்காமல், செட்டை ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் கழித்தும் டியூபில் சார்ஜ் நிற்கும், ஸ்க்ரூடிரைவரால் எர்த் பண்ணாமல் தொட்டு ஒருநாள் நான் ஸ்டூலோடு விழுந்தேன் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவள் பேரனைத் தூக்க மாட்டேன் என்கிறாள். பிள்ளை கையை நீட்டினால் சுவரோரமாக நகர்ந்துகொள்கிறாள். மெஷினை நிறுத்தினால் எக்ஸ்ரேயும் அந்த நிமிஷமே நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது என்று நானும் சொன்னேன், டாக்டரம்மாவும் சொன்னார். "நீ டி.வி. மெக்கானிக்தானல" என்கிறாள். இன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவளுக்கு ஒரு போன் போட்டுவிடு, நீ சொன்னால் கேட்பாள்.

அப்பா