யார் எந்தச் சபைக்கு மாறுவது என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை, அப்பாவும் பக்கத்தில் இருந்தார், பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. வாட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் சரியாக வராது என்று உட்கார்ந்து எழுதுகிறேன். "பேசாமல் நானே ஆர்.சி.க்கு மாறிவிடட்டுமா அம்மா, எல்லாருக்கும் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்றாய். வேண்டாம். நீ கட்டிக்கொள்ளப்போகும் அந்த ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பிள்ளையும் நமக்காக சி.எஸ்.ஐ.க்கு (தென்னிந்தியத் திருச்சபைக்கு) மாற வேண்டாம். என்றைக்காவது உன் மனசாட்சியே அங்கே போகச் சொன்னால் அது வேறு, அப்போது நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பெரியப்பா வாயை அடைப்பதற்காகவும் மண்டபம் புக் பண்ணத் தேதி நெருங்குகிறது என்பதற்காகவும் ஒருத்தி சபை மாறக்கூடாது.

பெரியப்பா "நம்ம சபை, நம்ம சபை" என்கிறாரே, அந்த நம்ம சபை எப்படி வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நாசரேத்தில் பிறந்ததால் நான் எஸ்.பி.ஜி. வழி, மெஞ்ஞானபுரத்தில் பிறந்திருந்தால் சி.எம்.எஸ். வழி, இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன் சங்கங்கள், இரண்டும் ஆங்கிலிக்கன்தான் (இங்கிலாந்து நாட்டுச் சபை), ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வீம்பு. எங்கள் அம்மா நாகர்கோவில் பக்கம், அதனால் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷன்), அங்கே பிஷப்பே கிடையாது. மதுரைக்குப் போனால் அமெரிக்கன் மிஷன். வந்த மிஷன்காரர்கள் ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நுழையாமல் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டார்கள், நம் முன்னோர் எந்த ஊரில் இருந்தார்களோ அந்தச் சபை ஆனார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த சண்டைகளுக்கு நம்ம ஊர்க்காரன் ஒருவனும் சாட்சி இல்லை, ஆனால் அதன் பெயரை மட்டும் பரம்பரையாகச் சுமந்தோம்.

எங்கள் அம்மா கல்யாணமாகி நாசரேத்துக்கு வந்த புதிதில் திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் வாங்க) எங்கே போய் நிற்பது என்றே தெரியவில்லையாம். அவர்கள் ஊரில் இருக்கிற இடத்துக்கே சின்னச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பார்கள், இங்கே எழுந்துபோய் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டும். முதல் தடவை பக்கத்தில் இருந்த அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்லுவார்கள். ஆனால் அதற்காக அவர்களை யாரும் மறுபடி திடப்படுத்தல் (சபையின் முழு அங்கத்தினராக்கும் சடங்கு) எடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் கல்யாணம் 1947க்கு அப்புறம், இந்தச் சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆன பிறகு நடந்தது, அதுதான் காரணம்.

இந்தச் சபை ஐக்கியத்தை ஆரம்பித்து வைத்ததில் பெரிய பங்கு நம்ம பக்கத்து மனிதர் ஒருவருக்கு உண்டு. வெள்ளாளன்விளையில் கிராமத்துக் குருவானவருக்குப் பிள்ளையாக 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா. 1912இல் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுதான் முதல் தடவை. 1919 மே முதல் வாரம் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த 33 பேர் கூடினார்கள், அதிகமும் இந்தியர்களே. அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது ஏறக்குறைய இதுதான்: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில், மிஷன் பணத்தில் சபை நடந்துகொண்டிருந்த காலத்தில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதற்கப்புறம் 28 வருஷம் பேசினார்கள் மகளே. நீ இரண்டு மாதத்தில் சலித்துப்போய்விட்டாய் என்பதால் சொல்கிறேன். தகராறு முக்கால்வாசியும் பிஷப் விஷயத்தில்தான். பிஷப் கைவைத்து அபிஷேகம் பண்ணாத குரு குருவே இல்லை என்று ஒரு பக்கம், எங்கள் ஐயர்மார் (குருமார்) இத்தனை வருஷம் கொடுத்த திருவிருந்து என்ன பொய்யா என்று இன்னொரு பக்கம். கடைசியில் கண்ட வழியை நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த காலத்திலும் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லுவேன். பிஷப் இல்லாத சபைகள் பிஷப்பை ஏற்றுக்கொண்டன. பிஷப் இருந்த சபை, மற்றச் சபைக் குருமாரை மறுபடி அபிஷேகம் பண்ணாமல் அப்படியே குருமாராக ஏற்றுக்கொண்டது. ஒரு சபையின் மனசாட்சிக்கு ஒத்துவராத ஆராதனை முறையையோ குருவையோ அதன்மேல் திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்.

அப்படி 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதோடு 1908லேயே பிஷப் இல்லாத பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் சேர்ந்து உண்டாகியிருந்த ஐக்கிய சபை, எல்லாம் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனது. யாழ்ப்பாணமும் அதில் ஒரு திருமண்டலம் (ஒரு பிஷப்பின் எல்லை). பிஷப்பே இல்லாத ஸ்காட்லாந்து சபையிலிருந்து மிஷனரியாக வந்த லெஸ்லி நியூபிகின் அன்றைக்கு மதுரை–இராமநாதபுரம் பிஷப் ஆனார், அப்போது வயது 37. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1ஆம் தேதியே காலமாகிவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதே. இங்கிலாந்தில் பலர் கொதித்தார்கள், அங்கேயுள்ள ஆங்கிலிக்கன் சபை நம்மோடு முழு ஐக்கியம் கொள்ளப் பல வருஷம் தயங்கியது. தரங்கம்பாடியில் வேர் விட்ட லூத்தரன் சபையும் இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்துக் குருவாகிறார்கள்.

ஒருவர் இன்னொருவருக்குள் காணாமல் போவதை ஐக்கியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ உன்னை அழித்துவிட்டுப் போனால் அந்த வீட்டுக்கு ஒரு மருமகள் கிடைப்பாள், இரண்டு சபைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரி, அவர்கள் பக்கத்துக்கு வருகிறேன். கத்தோலிக்க சபையில் 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (அவர்கள் பிஷப்மாரின் உலகக் கூட்டம்) கொடுத்த ஏட்டில், முறையாக ஞானஸ்நானம் பெற்ற மற்றச் சபையாரையும் கிறிஸ்துவுக்குள் சகோதரர் என்று எழுதிவிட்டார்கள். தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் உனக்குக் கொடுத்தது அவர்களுக்கும் செல்லும். யாராவது உன்னை மறுபடி எடுக்கச் சொன்னால் தைரியமாக மறுத்துவிடு, அவர்கள் சபைச் சட்டமே உன் பக்கம். அந்தக் காலத்தில் கலப்புத் திருமணம் என்றால் பிள்ளைகள் எல்லாம் கத்தோலிக்கராகத்தான் வளரும் என்று நம்மவர்களிடமும் உறுதி வாங்குவார்கள், அதில் உறவு முறிந்த குடும்பங்கள் உண்டு. 1970இல் போப் ஆறாம் பவுல் அதை மாற்றினார். இப்போது வாக்குக் கொடுப்பது அந்தப் பிள்ளை மட்டும்தான், தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று. அந்த வாக்கு என்ன என்பதை உனக்குத் தெரியப்படுத்தினால் போதும், நீ எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் அவன் வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு பாட்டிமார் இரண்டு பேரும் இழுப்பதற்கு இடம் வைக்காதீர்கள், நான் உட்பட.

கல்யாணம் நம்ம கோயிலில் நடக்கவும் அவர்கள் மேற்றிராணியாரிடம் (பிஷப்பிடம்) அனுமதி வாங்க வழி உண்டு. அவர்கள் கோயிலில் என்றால் திருப்பலி இல்லாமல் திருமணச் சடங்கு மட்டும் வைக்கும்படி கேளுங்கள், இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு அவர்கள் முறையே அதுதான். திருப்பலி வைத்தால் அவன் நற்கருணை (நம்ம திருவிருந்துக்கு அவர்கள் பெயர்) வாங்கப் போவான், நீ மணக்கோலத்தில் பக்கத்தில் சும்மா நிற்பாய். நம்ம கோயிலுக்கு வந்தால் அவனுக்கும் திருவிருந்து கொடுப்பார்கள், அவன் சபை அவனை வாங்க விடாது. இவ்வளவு தூரம் நெருங்கி வந்தும் அந்த ஒரு பந்தியில் இன்னும் சேர்ந்து உட்கார முடியவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, உனக்கும் வலிக்கும், வலிக்காத மாதிரி இருந்துவிடாதே. யோவான் 17இல் "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்று ஆண்டவர் வேண்டியது இன்னும் முடியாமல்தான் நிற்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், அப்பா இதை வேண்டாம் என்பார். பெரியப்பா ஆர்.சி. ஆர்.சி. என்று குதிக்கிறாரே, மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மகளுக்கு ஆர்.சி. சம்பந்தம் வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் அது நம்ம சாதி. இப்போது அவருக்கு உறுத்துவது சபை இல்லை. அசரியா தோர்ணக்கலில் ஊழியம் செய்தது பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் தலித் ஜனங்களோடு, அவர்களோடு ஒரே பாத்திரத்தில் குடித்துத்தான் ஐக்கியம் பேசினார். நம்ம ஊர்களில் மிஷன் பெயர்கள் மறைந்துபோயின, கல்லறைத் தோட்டத்தில் சாதிப் பிரிவு மறையாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் பெரியப்பாவிடம் நான் சபையைப் பற்றி வாதாடப்போவதில்லை, இதைத்தான் நேராகக் கேட்கப்போகிறேன். அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன்.

உன் ஞானஸ்நானச் சான்றிதழும் திடப்படுத்தல் சான்றிதழும் சேகரகுருவிடம் கேட்டிருக்கிறேன், வந்ததும் கூரியரில் அனுப்புகிறேன். தூத்துக்குடியில் அவர்கள் பங்குத்தந்தையைப் பார்க்க நாங்களும் வருகிறோம், நம்ம ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்குமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுச் சொல். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அவர்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்கு வேலை அதிகம். சனிக்கிழமை காலை என்றால் அப்பா லீவு போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா