வன்னியை எங்களோடு கூடி வாசித்த எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

யாழ்ப்பாணத்துக்கும் கண்டி அரசுக்கும் நடுவே கிடந்த வன்னியின் வரலாற்றை மாதத்தில் ஒரு ஞாயிறு கூடியிருந்து வாசிப்போம் என்று ஏழு பேர் தொடங்கினோம். போன ஞாயிறு இருபத்துநான்காவது கூட்டம். கதிரை போதாமல் பாய் விரித்தோம், பிந்தி வந்தவர்கள் படிக்கட்டில் இருந்து கேட்டார்கள். அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனையிறவு பற்றிய விவாதம் இருட்டும்வரை நீண்டதால் முடியாமல் போனது. அதனால்தான் இந்த மடல். உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆளைச் சொல்லாமல் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி பனங்காமம் பக்கத்து ஐயாவுக்கு. எழுபது வயது தாண்டியவர். மாங்குளம் வந்து, அங்கிருந்து யாழ்ப்பாண பஸ் ஏறி, மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே வந்தார். 'யாழ்ப்பாண அரசின் எல்லைப்புறம்' என்று அன்றைய தலைப்பைப் பலகையில் எழுதியிருந்தோம். இரண்டு மணி நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் எழுந்து, "தம்பி, எங்கடை பக்கத்திலை நிண்டு பார்த்தால் எல்லையிலை இருக்கிறது நீங்கள்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டோம். பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, தென்னமரவடி என்று, வன்னியர்கள் எனப்பட்ட வன்னிச் சிற்றரசர்கள் ஆண்ட பற்றுகளை (பிரிவுகளை), அந்தந்த ஊரிலிருந்து தொடங்கிப் படிப்பது என்று முடிவெடுத்தோம். எங்கள் வாசிப்பையே அந்த ஒரு பேச்சு திருப்பிவிட்டது.

அப்புறம் அவர் பையிலிருந்து ஒரு கொப்பி எடுத்தார். ஒற்றைக்கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி, மட்டை கழராமல் நூல் போட்டுத் தைத்தது. உள்ளே முழுக்கக் குளங்களின் பெயர்கள். தண்ணீர் நிற்கிற குளம் நீல மையில், காடு மூடிய குளம் சிவப்பு மையில். கட்டு எங்கே உடைந்தது, எந்தப் பெயர் தன் அம்மம்மா சொல்லிக் கேட்டது என்று பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. 1895இல் வெளிவந்த, ஆங்கிலேய அதிகாரி லூயிஸின் வன்னி மாவட்டக் கையேட்டை அதுவரை ஆங்கில எழுத்தில் தட்டுத்தடுமாறித்தான் படித்துக்கொண்டிருந்தோம். அதிலுள்ள ஊர்ப்பெயர்களை இந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தபோதுதான் அவை பெயர்களாகக் காதில் விழுந்தன.

அடுத்தது நெதர்லாந்தில் இருக்கிற அக்கா. சாவகச்சேரியில் பிறந்தவர், அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். ஒல்லாந்தர் ஆவணங்களின் சில பக்கங்களை அவருக்கு அனுப்பியிருந்தோம். பழைய நடை தனக்கும் பிடிபடவில்லை என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. தான் பராமரிக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு அந்தப் பக்கங்களைக் காட்டி, இரவு வேலை முடிகிற நேரத்தில் வரிவரியாகக் கேட்டு, தொலைபேசியில் எங்களுக்குத் தமிழில் சொன்னார். வன்னியர்கள் திறையாகக் கொடுக்க வேண்டிய யானைகளின் கணக்கு, கொடுக்காமல் நின்ற பாக்கி, அதற்காகப் போன கடிதங்கள் எல்லாம் அவர் குரலில்தான் எங்களுக்கு வந்தன. குடாநாடு வன்னியோடு ஒட்டுகிற குறுகிய நிலத்தில் ஒல்லாந்தருக்கு மூன்று சிறு காவற்கோட்டைகள் இருந்தன. ஆனையிறவு ஒன்று, பைல் ஒன்று, பெஸ்குட்டர் ஒன்று. பெஸ்குட்டர் என்றால் காவலன் என்று அவர் சொன்னதும், எங்கள் கூட்டத்தில் ஆக இளைய பிள்ளை ஒருத்தி, "ஆரிட்டை இருந்து ஆரைக் காக்க?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா போர்க்காலத்தில் முகமாலை, ஓமந்தைச் சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்றவர். எங்களில் பாதிப்பேருக்கு எல்லை என்பது முதலில் அந்த வரிசைதான். அந்தக் கேள்வியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மதவாச்சிப் பக்கத்துச் சிங்கள ஆசிரியருக்கும் மனதார நன்றி. இரண்டு முறை வந்தார். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி அரசனின் பிடியிலிருந்து தப்பி, அநுராதபுரம் கடந்து காட்டு வழியாக 1679 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்த வழியை எங்களோடு வரைபடத்தில் தேடினார். அந்த வழியில் நொக்ஸ் கேள்விப்பட்ட வன்னித் தலைவனைக் கயிலாய வன்னியன் என்று கொள்கிறார்கள். தமிழில் குளம், சிங்களத்தில் வெவ என்று ஒரே ஊருக்கு இரண்டு பெயர் வருகிற இடத்தில் பேச்சு சூடானது. ஊர்ப்பெயர்க் கதை இந்த நாட்டில் எங்கே போய் முடியும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர் தன் பட்டியலை எங்களிடம் விட்டுப் போனார், நாங்கள் எங்களுடையதை அவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். இந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் பெருமைப்படுவது அந்தப் பின்னேரத்தை நினைத்துத்தான்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவுக்கு எங்களைக் கூட்டிப்போன வான் அண்ணை டீசல் காசு மட்டும்தான் வாங்கினார். தங்களை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டார வன்னியனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் நட்ட கல்லின் பழைய படம் ஒன்றை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தோம். 1803 ஒக்டோபர் 31 என்ற திகதி அதில் இருக்கிறது. வெயிலில் நின்று அதை வாசித்துப் பார்த்த அண்ணைதான், "தோற்கடிச்சது எண்டுதானே இருக்கு, கொன்றது எண்டு இல்லையே" என்று கவனித்தார். அன்றே பண்டார வன்னியன் இறந்தார் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தார் என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அடுத்த மூன்று கூட்டங்களும் அதிலேதான் போயின. அண்ணையும் மூன்றுக்கும் வந்தார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தையற்கடைக்கு மேலுள்ள அறையை இரண்டு வருடமாக ஒரு சதமும் வாங்காமல் தந்த அக்காவுக்கு நன்றி. மின்சாரம் நின்ற நாட்களில் அரிக்கன் லாம்பும் கொண்டுவந்து வைத்தார். தேத்தண்ணியும் வடையும் முறை போட்டுக் கொண்டுவந்த வீடுகளுக்கு நன்றி. பழைய இதழ்களைத் தேடித் தந்த பொது நூலகத்துப் பிள்ளைகளுக்கும், கைக்கு எட்டாத நூல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிற நூலகம் நிறுவனத்தாருக்கும் நன்றி. 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதைச் சும்மா வாய்வார்த்தையாக எழுத முடியாது.

ஐயாவின் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. பாதி ஸ்கான் எடுத்தாகிவிட்டது. முடிந்ததும் அதைத் தபாலில் அனுப்பாமல் நாங்களே பனங்காமம் கொண்டுவந்து கையில் தருகிறோம், ஐயா. கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிற மூன்று குளங்களையும் அன்றைக்கே தேடிப் போவோம். வான் அண்ணையிடம் சொல்லிவிட்டேன்.

அன்போடு,
கூட்டங்களை ஒழுங்கு செய்பவன்,
யாழ்ப்பாணம்