மாத்திரைய திடீர்னு நிறுத்திடாதடி

மாலா,

உன் மெசேஜ் பார்த்தேன். கோலைட்டிஸ்னால, அதான் பெருங்குடல் வீங்கிப் புண்ணாகறதால, ரத்தம் போறது நின்னுடுச்சுன்னு படிச்சப்போ அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு, ஆனா முகம் உப்பிடுச்சு, கல்யாண வீட்ல எல்லாரும் கேக்கறாங்க, நாளைலேருந்து ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டு மாத்திரையே வேணாம்னு எழுதியிருக்க பாரு, அத மட்டும் செய்யாத ப்ளீஸ்.

கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பி தான் தினமும் நமக்கு கார்ட்டிசால்ங்கற ஸ்டீராய்டு ஹார்மோன சுரக்குது, வாரக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை போனா அது தன் வேலைய குறைச்சுக்கும். அந்த நேரத்துல படக்குன்னு நிறுத்தினா பிபி இறங்கி, வாந்தி, மயக்கம்னு ஐசியூ வரைக்கும் கொண்டு போய் விட்டுரும். அதனால தான் உனக்கு 40 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு 5 குறைக்க சொல்லியிருக்காங்க. டோஸ் இறங்க இறங்க முகமும் வத்திடும், எனக்கு கொஞ்சம் லேட்டாச்சு, ஆனா வத்திடுச்சு.

தூக்கம் வராததுக்கு, காலைல டிபன் சாப்பிட்டதும் போட்டுக்கோ, ராத்திரிக்கு வெச்சுக்காத. கோபம் தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, சின்ன விஷயத்துக்கெல்லாம் பையன்கிட்ட கத்திட்டு அப்புறம் பாத்ரூம்ல போய் அழுவேன், மருந்து அப்படியும் பண்ணும்னு யாருமே முன்னாடி சொல்லல. நீ வீட்ல எல்லார்கிட்டயும் இப்பவே சொல்லி வை. கால்சியம், வைட்டமின் டி எழுதிக் குடுத்திருந்தா விடாம போடு, ஸ்டீராய்டுல எலும்பு தேயும். உங்க அப்பாவுக்கு சுகர் இருக்குல்ல, நீயும் செக் பண்ணிக்கோ. காய்ச்சல் வந்தா எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஸ்டீராய்டுல இருக்கேன்னு முதல்லயே சொல்லிடு.

இன்னொன்னு. 1955லயே ஆக்ஸ்ஃபோர்டுல ட்ரூலவ், விட்ஸ்னு ரெண்டு டாக்டருங்க கோலைட்டிஸுக்கு கார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு குடுத்துப் பார்த்து அது கேக்குதுன்னு காட்டிட்டாங்க. ஆனா ஸ்டீராய்டு எரியற குடல அடக்கும், திரும்ப வராம காக்காது. பழைய சீட்ட காட்டி மருந்துக்கடைல மாசக்கணக்கா வாங்கிப் போடறவங்கள பார்த்தா எனக்கு பதறுது, எலும்பும் போகும், கண்ணுல புரையும் வரும். குறைக்கும்போதெல்லாம் உனக்கு ரத்தம் திரும்ப வந்தா அசதயோப்ரின் மாத்திரையா, இன்ஃப்ளிக்சிமாப் மாதிரி ஊசியான்னு டாக்டர்கிட்ட நீயே கேளு. ஊசின்னா முதல்ல டிபி டெஸ்ட் எடுப்பாங்க, அதுக்கு பயப்படாத.

இங்க எல்லாரும் சௌக்கியம், பையன் பத்தாவது, வீடே டியூஷன் டைம்டேபிள்ல ஓடுது. உனக்கு அடுத்த ரிவ்யூ என்னைக்குன்னு சொல்லு, லீவ் போட்டுட்டு வர்றேன், சேர்ந்தே போலாம்.

உன்
கீதா